கோயில் தேடிய மூன்று ஞாயிறு

தோட்டத்து லயத்தை விட்டுக் கோலாலம்பூர் ஓரத்துத் தாமானுக்குக் குடிவந்த முதல் ஞாயிறு. விடியுமுன்பே என் தாயார் ஜெபமாலையோடு வாசலில் நின்றார்கள். எந்தக் கோயில், எத்தனை மணிப் பூசை என்று வாத்தியாரான நான் விசாரித்து வைக்கவில்லை!

அருகிலிருந்த கோயிலுக்குப் போனோம். ஆங்கிலப் பூசை. அம்மாவுக்கு ‘ஆமென்’ மட்டுமே புரிந்தது. தோட்டத்தில் சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஜெபம் சொல்வார். ஆனால் அங்கே ஒருவர் வராவிட்டால் மாலைக்குள் வீடு தேடி ஆள் வந்துவிடும். இங்கே எங்களை யாரென்று கேட்கவும் ஆளில்லை.

அடுத்த வாரம் புடு அந்தோணியார் கோயில். 1910-இல் தமிழருக்காக எழுந்தது. தமிழில் பாவசங்கீர்த்தனம் செய்து அம்மா முகம் மலர்ந்தார்கள். இரண்டு பஸ் மாறித் திரும்புவதற்குள் முழங்கால் வீங்கிவிட்டது.

மூன்றாம் வாரம் அருகிலிருந்த கோயில் அலுவலகத்தில் கேட்டேன். மாலையில் தமிழ்ப் பூசை உண்டாம்! அறிவிப்புப் பலகையிலேயே எழுதியிருந்தது. எங்கள் தெரு அன்பியத்திலும் பெயர் எழுதிக்கொண்டார்கள். வீடு வீடாகக் கூடி ஜெபிக்கும் இம்முறை, 1976-இல் தீபகற்ப மலேசிய ஆயர்களும் குருக்களும் கூடிப் பேசியபின் வேர்பிடித்தது.

வீடு மாறும் சகோதர சகோதரிகளே, லாரியில் சாமான் ஏற்றுமுன்பே பூசையின் மொழியையும் நேரத்தையும் கேட்டு வையுங்கள். பெரியவர்களின் காலுக்கு எட்டுமா என்றும் பாருங்கள்.

போன வெள்ளி எங்கள் வீட்டில் அன்பிய ஜெபம். அம்மா கடலை அவித்திருந்தார்கள். ஒரு பாட்டி கடலையை வாயில் போட்டுக்கொண்டே, “நீங்க எந்தத் தோட்டம்?” என்றார்.