பழுதுபார்க்கும் கை குற்றவாளியா?

“ஆயுள் முடிந்த வாகனங்கள்” என்ற சொற்றொடர் தில்லி அரசு ஆணைகளில் இப்போது தாராளமாகப் புழங்குகிறது. ஆயுள் முடிந்ததென யார் தீர்மானித்தது? என்ஜினைப் பிரித்துப் பார்த்தவரா, புகையை அளந்தவரா? இருவருமல்லர், நாட்காட்டி தீர்மானித்தது. டீசல் என்றால் 10 ஆண்டு, பெட்ரோல் என்றால் 15 ஆண்டு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த இந்த வரம்பை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தில்லியோடு நில்லாமல், ஹரியானா, உத்தரப்பிரதேச, ராஜஸ்தான் மாநிலங்களின் தலைநகர் வட்டார மாவட்டங்கள் வரை அது நீள்கிறது.

2025 ஜூலை 1 அன்று தில்லியில் பழைய வாகனங்களுக்கு எரிபொருள் மறுக்கப்பட்டது. கார் வைத்திருப்போர் கொதித்தெழுந்ததும் சில நாட்களில் அந்த உத்தரவு ஒத்திவைக்கப்பட்டது. வயதை மட்டும் காட்டிக் கடும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணையிட்டது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பிஎஸ்-4 மற்றும் அதற்குப் பிந்தைய வாகனங்களுக்கு மட்டும் எனச் சுருக்கப்பட்டது. மிகப் பழைய வண்டியை ஓட்டுபவர் யார்? மூன்றாம் கையாக லாரி வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர். தந்தையின் டிராக்டரை வீட்டு முற்றத்தில் பிரித்துப் பூட்டி உழும் சிறு விவசாயி. பாதுகாப்பு இவர்களுக்கு இல்லை.

“தில்லி மூச்சுத் திணறுகிறதே!” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த நஞ்சை முதலில் சுவாசிப்பவர்கள் ரிக்‌ஷா தொழிலாளியும் நடைபாதை வியாபாரியும்தான். எவ்வளவு சீர்செய்தாலும் பழைய டீசல் என்ஜின் பிஎஸ்-6 அளவுக்குத் தூய்மையாகாது என்பதும் உண்மையே. ஆனால் கரும்புகை ஏன் வருகிறது? நாசில் தேய்ந்திருக்கும், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், பம்பின் டைமிங் தவறியிருக்கும், பிஸ்டன் ரிங் போயிருக்கும். இவற்றைச் சரிசெய்பவர் கிராமத்து மெக்கானிக். பழுதுபார்த்தலே ஏழைக்கு எட்டக்கூடிய முதல் மாசுக் கட்டுப்பாடு. அதைத் தண்டிக்கும் அரசு, ஆண்டுக்குச் சில நூறு மணி நேரம் வயலில் ஓடும் டிராக்டரையும் நாள்தோறும் நகரில் ஓடும் சொகுசு வாகனத்தையும் ஒரே நாட்காட்டியால் அளக்கிறது.

2021 ஆகஸ்டில் பிரதமர் தொடங்கிவைத்த வாகன அழிப்புக் கொள்கையின் கணக்கைப் பாருங்கள். பழைய வண்டிக்குக் கிடைக்கும் இரும்பு மதிப்பு, புதிய வண்டி விலையில் 4 முதல் 6 விழுக்காடு. சாலைவரிச் சலுகையோ புதிய வண்டி வாங்கினால்தான். வாங்க வழியற்றவருக்கு மிஞ்சுவது என்ன? காற்றைத் தூய்மையாக்கும் பெயரில், தேங்கிய சந்தையை நிரப்பித் தருமாறு விவசாயியிடம் கேட்கிறார்கள்.

வண்டியை மாற்றியமைப்போரைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது? 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதியின்றி மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதே 2019இல், புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருளைப் பொருத்திய ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்துக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கடும் நடவடிக்கை கூடாதென உச்ச நீதிமன்றம் இரண்டே மாதத்தில் நிறுத்திவைத்தது. ஸ்பானர் பிடித்தவருக்குச் சிறை; மென்பொருளால் ஏமாற்றியவருக்கு அவகாசம்!

புதிய இயந்திரம் வாங்கினாலும் அது முழுமையாக விவசாயியின் உடைமையாவதில்லை. 2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு ட்ரெம்-4 புகை விதிகள் நடப்பில் உள்ளன. அவற்றின் மின்னணுக் கட்டுப்பாட்டில் ஏற்படும் கோளாற்றைக் கண்டறிய நிறுவனத்தின் மென்பொருள் வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் விவசாயிகள் போராடி, 2023இல் வேளாண் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் உரிமைக்குச் சட்டம் பெற்றனர். இங்கோ 2022 ஜூலையில் ஒன்றிய அரசு குழு அமைத்தது, பின்னர் இணையதளம் திறந்தது, சட்டம் வரவில்லை.

“இது சிறு உடைமையாளர் பிரச்சினை, நமக்கென்ன?” என்று கருதும் தோழர்களுக்கு ஒரு சொல். பழைய வண்டியை நம்பியிருப்பவர் உரிமையாளர் மட்டுமல்லர். வெல்டர், லேத் தொழிலாளி, பட்டறைச் சிறுவன் என அமைப்புசாராத் தொழிலாளர் பெரும்படையே அதில் பிழைக்கிறது. 2020-21இல் தில்லி எல்லைகளில் டிராலிகளை வீடாக மாற்றி ஓராண்டுக்கும் மேலாக விவசாயிகள் வாழ்ந்தார்களே, அவற்றை அப்படி மாற்றியமைத்தவை இந்தக் கைகள்தாம். விவசாயி-தொழிலாளி ஒற்றுமை என்று நாம் தீர்மானங்களில் எழுதுவதை, ஒரே என்ஜினின் இருபுறமும் குனிந்து நின்று இவர்கள் அன்றாடம் செய்துவருகிறார்கள்.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். வயதை அளவுகோலாகக் கொள்ளாதே. புகையையும் பிரேக்கையும் சோதி. அரசுச் செலவில் என்ஜினைச் சீரமைக்கவும் புகை வடிகட்டி பொருத்தவும் ஏற்பாடு செய். கையேடும் உதிரிபாகமும் கோளாறு அறியும் மென்பொருளும் எந்த மெக்கானிக்குக்கும் கிடைக்கச் சட்டம் இயற்று. பட்டறைத் தொழிலாளருக்கு ஐடிஐகளில் இலவசப் பயிற்சியும் சான்றிதழும் கொடு. கழித்தே ஆகவேண்டிய வண்டிக்கு, மாற்று வண்டி வாங்கப் போதுமான இழப்பீடு வழங்கு. விவசாயிகள் சங்கமும் போக்குவரத்துத் தொழிற்சங்கமும் இவற்றைத் தனித்தனியே அல்ல, ஒரே மேடையில் எழுப்ப வேண்டும்.