இ-பாஸால் யாருக்கு என்ன ஆச்சு? ஊட்டி மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாமே!

வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. ஊட்டிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை சென்னை உயர் நீதிமன்றம் விதித்த வரம்பு இது. அதை எதிர்த்து வியாபாரிகள் கடையடைப்பே நடத்தினார்கள். மலை எவ்வளவு தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி-க்கும் பெங்களூரு ஐ.ஐ.எம்-முக்கும் போனது.

உள்ளூர் கல்லூரி மாணவர்கள் அஞ்சாறு பேர் சேர்ந்தாலும் இதில் ஒரு நல்ல புராஜெக்ட் செய்யலாம்.

முதலில் கேள்வியைச் சுருக்குங்க. 'இ-பாஸ் நல்லதா, கெட்டதா?' என்பதற்கு எக்செல் பதில் சொல்லாது. 'சேரிங் கிராஸில் சனிக்கிழமை 11 முதல் 12 மணிவரை எத்தனை வெளியூர் வண்டி?' என்றால் சொல்லும்.

அடுத்து, எதை எண்ணுகிறோம் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகணும். நாலு பேர் வரும் காரும் ஒண்ணு, பன்னிரண்டு பேர் வரும் வேனும் ஒண்ணு. டி.என்.43 இல்லாத வண்டியெல்லாம் சுற்றுலா வண்டியும் இல்லை.

ஒரே இடத்தில் ரெண்டு பேர் தனித்தனியாக எண்ணட்டும். மூணாவது ஆள் சரிபார்க்கட்டும். மற்றவர்கள் டீக்கடை, காட்டேஜ், டாக்ஸி ஸ்டாண்டில் வரவு விசாரிக்கணும். எல்லாருக்கும் ஒரே படிவம், ஒரே ஷீட்.

முக்கியமா, மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதத்தை மழைக்கால ஆகஸ்ட்டோடு ஒப்பிடாதீங்க. இ-பாஸ் தொடங்கியது 2024 மே 7-ல். அதனால் 2023 மே மாத வரவுக் கணக்கைக் கடைக்காரர்களிடம் கேளுங்க. வியாபாரம் படுத்தது பாஸாலா, சீசனாலா என்று அப்போதுதான் பிரித்துச் சொல்ல முடியும்.

டாக்ஸி ஓட்டுநரின் பிழைப்பும், நெரிசலில் ஆம்புலன்ஸுக்குக் கிடைக்கிற வழியும் அந்தப் பதிலில்தான் இருக்கு.