காலம் கதவு திறப்பதில்லை

மகளிர் விளையாட்டின் வரலாற்றை எழுதுவோரிடையே ஒரு வாய்பாடு நெடுங்காலமாக வழங்கி வருகிறது. காலம் கனிந்தது, கதவுகள் திறந்தன, பெண்கள் உள்ளே வந்தனர் என்பதே அது. கேட்பதற்கு இனிமையான இவ்வாய்பாடு இரு வினாக்களுக்கு விடை கூறுவதில்லை. கதவைப் பூட்டியவர் யாவர்? அதனைத் திறப்பதற்கு விலை கொடுத்தவர் யாவர்? இவற்றை மறைக்கும் வரலாறு எத்துணை பொய்யானது என்பதை அறிய விரும்புவோர், ஜூடோ வீராங்கனை றஸ்டி கனோகோகியின் வாழ்வை ஊன்றி நோக்குதல் வேண்டும்.

றீனா கிளிக்மன் என்னும் இயற்பெயருடைய இவர், 1935ஆம் ஆண்டு நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். தெருச் சண்டைகளிடையே வளர்ந்த இவர், 1955இல் நண்பரொருவர் செய்துகாட்டிய பிடியொன்றினாற் கவரப்பட்டு ஜூடோ பயிலத் தொடங்கினார். 1959இல் நியூயோர்க் மாநில வை.எம்.சி.ஏ. ஜூடோப் போட்டி யுற்றிக்கா நகரில் நடைபெற்றபோது, காயமுற்ற ஆடவர் ஒருவருக்குப் பதிலாக இவர் களமிறங்கினார். கூந்தலைக் குறுகக் கத்தரித்து, மார்பைத் துணியால் இறுகக் கட்டி, ஆண்களுள் ஒருவராக நின்று எதிராளியை வீழ்த்தினார். அவரது அணியும் வென்றது. பதக்கம் வழங்கப்பட்ட பின்னர், போட்டியை நடத்தியோர் அவர் பெண்தானோ என வினவினர். அவர் ஒப்புக்கொண்டார். பதக்கம் திரும்பப் பெறப்பட்டது.

இங்கு நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அவர் ஒப்புக்கொண்டதற்கு முன்னும் பின்னும் களத்தில் மாறியது யாது? எதிராளி வீழ்ந்தது வீழ்ந்ததே. பெண்ணின் உடல் இத்தகைய போட்டியைத் தாங்காது என்பதே அவர்களை விலக்கியோர் கூறிவந்த நியாயம். ஆனால், தாங்கிய உடலொன்று கண்முன்னே நின்றபோது, அவர்கள் அந்த நியாயத்தைக் கைவிடவில்லை, பதக்கத்தைத்தான் பறித்தனர். ஆகவே தடையின் அடிப்படை உடலியல் அன்று, அதிகாரமே என்பது வெளிப்படை.

ஜூடோ யப்பானிய மரபு என்றும், அம்மரபு பெண்களுக்கு மென்மையான பயிற்சியையே விதித்தது என்றும், அதனை மதித்தல் வேண்டும் என்றும் வாதிடுவோர் உளர். ஜூடோவைத் தோற்றுவித்த ஜிகோரோ கானோ பெண்களுக்குத் தாமே கற்பித்தவர். அவர் நிறுவிய கோடோக்கானில் 1926இல் பெண்கள் பிரிவும் அமைந்தது. எனினும் போட்டிக் களம் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. கானோவுக்கு ஆசானாயிருந்தவரின் பேர்த்தி கேய்கோ ஃபுகுடா 1953இல் ஐந்தாம் தரத்தை அடைந்தார். ஆறாம் தரத்தை அடைய 1972 வரை காத்திருந்தார். ஒன்பதாம் தரத்தைக் கோடோக்கான் அவருக்கு வழங்கியபோது, 2006இல், அவர் தொண்ணூறு வயதைக் கடந்திருந்தார். தன் சொந்தப் பேர்த்தியையே படிக்கட்டில் நிறுத்திவைத்த மரபை நாம் எதன்பொருட்டு மதித்தல் வேண்டும்?

றஸ்டி 1962இல் அதே கோடோக்கானுக்குச் சென்றார். அங்கிருந்த பெண்களுள் அவருக்கு ஈடுகொடுப்பார் இல்லாமையால், ஆண்களின் பிரதான மண்டபத்திற் பயில அனுமதி பெற்ற முதற் பெண்ணானார். ஆனால் ஒருவருக்குக் கிடைத்த அனுமதி அனைவர்க்கும் உரிய உரிமையாகாது. அதனை அவர் நன்கு உணர்ந்திருந்தார் என்பதற்கு அவரது பிற்கால வாழ்வே சான்று.

ஆடவருக்கான உலக ஜூடோப் போட்டி 1956இல் தொடங்கியது. 1964இல் ரோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடவர் ஜூடோ இடம்பெற்றது. மகளிருக்கான முதல் உலகப் போட்டி 1980இலேயே நியூயோர்க்கில் நடந்தது. அதனை நடத்துவதற்காக றஸ்டி தமது வீட்டை ஈடு வைத்தார். பின்னர், மகளிர் ஜூடோவை ஒலிம்பிக்கில் சேர்க்காவிடின் வழக்குத் தொடுக்கப்படும் எனச் சர்வதேச ஒலிம்பிக் குழுவை எச்சரித்தார். 1988இல் சியோலில் அது காட்சிப் போட்டியாகவும், 1992இல் பார்சிலோனாவில் முழுமையான பதக்கப் போட்டியாகவும் இடம்பெற்றது. ஆடவருக்கும் மகளிருக்கும் இடையே ஒலிம்பிக்கில் இருபத்தெட்டு ஆண்டு இடைவெளி. காலம் தானாகக் கனிந்தது என்போரிடம் கேட்போம்: காலம் எவருடைய வீட்டை ஈடு வைத்தது?

மற்றொன்றும் நோக்கற்பாலது. 1964 முதல் ஐக்கிய அமெரிக்க ஆடவர் எவரும் ஒலிம்பிக் ஜூடோவில் தங்கம் வென்றதில்லை. அந்நாட்டின் முதலாவது ஜூடோத் தங்கத்தை 2012இல் இலண்டனில் வென்றவர் கெய்லா ஹரிசன் என்னும் பெண். 2016இல் ரியோவிலும் அவரே வென்றார். தாங்காது என விலக்கப்பட்ட உடலே அந்நாட்டுக்குத் தங்கம் கொணர்ந்தது.

2009 ஓகஸ்ட் மாதம், ஐம்பது ஆண்டுகளின் பின்னர், வை.எம்.சி.ஏ. றஸ்டிக்குப் பதக்கமொன்றை அளித்தது. அவ்வாண்டு நவம்பரில் அவர் காலமானார். நீதி இறுதியில் வென்றது எனப் பலர் மகிழ்ந்தனர். பதக்கத்தைத் திருப்பித் தரலாம்; போட்டியிட்டிருக்கக் கூடிய ஆண்டுகளைத் தருவார் யார்? தாமே அமைத்த உலகக் களத்தில் 1980இல் அவர் நின்றபோது அவருக்கு வயது நாற்பத்தைந்து. மற்றவர் மோதிய அக்களத்தில் அவர் மோதவில்லை.

இன்று அவரை மகளிர் ஜூடோவின் அன்னை என்று புகழ்கின்றனர். இப்புகழ்ச்சியையும் நாம் ஐயத்துடனேயே நோக்குதல் வேண்டும். அன்னை என்றவுடன் தியாகம் இயல்பாகிவிடுகிறது. தியாகத்தைக் கட்டாயப்படுத்தியோர் மறைந்துவிடுகின்றனர். அவர் வேண்டியது அன்னை என்னும் பட்டமன்று, வென்றவர் என்னும் பெயரே.

பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்போரும் கற்பிப்போரும் இதனை மனங்கொள்ளல் நன்று. பெண்கள் அனுமதிக்கப்பட்டனர் என்னும் தொடரை ஏட்டில் எங்குக் காணினும், அதுவரை தடுத்தவர் எவர் என்று கேளுங்கள். அக்கேள்விக்கு விடை தராத வரலாறு, பதக்கத்தைப் பறித்தவரின் பக்கத்திலேயே இன்னமும் நிற்கிறது.