உழவர் சந்தைக்கு எதைக் கொண்டு போவது?

தமிழகத்தின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14ல் திறக்கப்பட்டது நம் மதுரை அண்ணா நகரில்தான். கடைக்கு வாடகை இல்லை, கமிஷன் இல்லை, தராசும் இலவசம். இருந்தும் மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி பக்கத்து விவசாயிகள் பலர் மாட்டுத்தாவணிக்கோ பரவைக்கோதான் சரக்கு ஏற்றுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஐம்பது பெட்டி தக்காளி பறித்தவர் அதை ஒரு காலைப்பொழுதில் கிலோ கிலோவாக நிறுத்து விற்றுத் தீர்க்க முடியுமா? சந்தையில் உட்காருபவருக்கு அன்றைய தோட்ட வேலையும் கெடும். வீட்டில் இன்னொரு ஆள் இல்லாதவருக்கு அதுவே பெரிய செலவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். உழவர் சந்தை விலை தினமும் வெளிச்சந்தை நிலவரத்தை வைத்தே நிர்ணயிக்கப்படுகிறது. மொத்த விலையைவிட சுமார் 20 சதவீதம் கூடுதல், சில்லறை விலையைவிட சுமார் 15 சதவீதம் குறைவு என்பது பொதுவான கணக்கு. மாட்டுத்தாவணியில் தக்காளி விலை சரிந்தால் உழவர் சந்தைப் பலகையிலும் சரியும். இடைத்தரகர் இல்லை என்பதால் மட்டும் வரத்து மிகுதியிலிருந்து தப்பிவிட முடியாது.

எனவே விற்கும் இடத்தை மாற்றுவதற்கு முன் சாகுபடியை மாற்ற வேண்டும். அரை ஏக்கரையும் ஒரே பயிருக்குக் கொடுக்காமல் வெண்டை, கத்தரி, கொத்தவரை, கீரை என்று பிரியுங்கள். கீரையை வாரம் ஒரு பாத்தியாக விதையுங்கள். முளைக்கீரை 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். உழவர் சந்தைக்கென்றே அமைந்த சரக்கு கீரைதான். மண்டி சுற்றி வருவதற்குள் வாடிவிடும் என்பதால், விடியலில் பறித்து நேரே வருபவரிடம்தான் வாங்குவார்கள். பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் வண்டி வாடகையும் குறையும்.

கள அலுவலர்களுக்கும் ஒன்று. விவசாயி என்ற பெயரில் வியாபாரி உட்காருகிறார் என்பது பழைய புகார். கத்தரிக்கு அட்டை வாங்கியவர் ஆண்டு முழுக்கப் பல்லாரி விற்றால் கேட்க வேண்டியது யார்? அட்டையில் எழுதிய பயிர் தோட்டத்தில் நிற்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்தாலே பாதிப் புகார் தீர்ந்துவிடும். அந்தச் சோதனை நடக்காத சந்தையில் உண்மையான விவசாயிக்கு இடம் கிடைக்காது.

அட்டை இல்லாதவர்கள் நிலச் சிட்டா, அடங்கல், புகைப்படத்துடன் அருகிலுள்ள உழவர் சந்தை நிர்வாக அலுவலரை அணுகலாம். அடுத்த பட்டத்துக்கு விதை வாங்கும் முன், ஒரு நாள் காலை ஆறு மணிக்கே அங்கு போய் எந்தச் சரக்கு முதலில் தீர்கிறது என்று பார்த்து வாருங்கள்.