ஏழு நாடு வேண்டாம், ஒரு மலை போதும்



மே மாதம் வந்தால் மும்பைத் தமிழர் வீடுகளில் மூட்டை கட்டும் வேலை தொடங்கிவிடும். முன்பெல்லாம் அது ஒரே திசைதான். தாதரில் வண்டி ஏறினால் சென்னை, அங்கிருந்து ஊர். கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து, பாகப்பிரிவினை என்று விடுமுறை முடிந்துவிடும். கடந்த சில ஆண்டுகளாக இன்னொரு திசையும் சேர்ந்திருக்கிறது. மாதுங்காவிலும் செம்பூரிலும் நான்கு வீட்டுக்கு ஒரு வீட்டில் 'சுவிட்சர்லாந்து' என்ற பேச்சு கேட்கிறது. தாராவியில் பிறந்து வளர்ந்து இன்று நல்ல வேலையில் இருக்கும் பிள்ளைகளும் அப்பா அம்மாவை அழைத்துப் போக ஆசைப்படுகிறார்கள். மகிழ்ச்சியான செய்திதான்.

இந்த ஆசையை விதைத்ததில் சினிமாவுக்குப் பெரும் பங்குண்டு. யஷ் சோப்ரா அந்த நாட்டில் எடுத்த பாட்டுகளைப் பார்க்காதவர் நம்மில் யார்? 2016-ஆம் ஆண்டு இன்டர்லாக்கன் ஊரில் அவருக்குச் சிலையே வைத்துவிட்டார்கள். 1995-இல் வெளிவந்த 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' நம் மும்பை சென்ட்ரல் அருகே மராத்தா மந்திரில் ஆயிரம் வாரங்களைக் கடந்து ஓடியது. ஆகவே போகலாமா கூடாதா என்பதல்ல இந்தக் கட்டுரை. எப்படித் திட்டமிட்டுப் போவது என்பதில்தான் எனக்கு ஓர் அழுத்தமான கருத்து இருக்கிறது.

எங்கள் கட்டிடத்தில் ஒரு நண்பர் குடும்பத்தோடு பன்னிரண்டு நாளில் ஏழு நாடு பார்த்துவிட்டு வந்தார். மூவாயிரம் படங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை டிவியில் போட்டுக் காட்டினார். பாதிப் படங்கள் ஓடும் பஸ்ஸின் கண்ணாடி வழியே எடுத்தவை. மலைக்கு மேலே பஸ் விளக்கின் பிம்பம் தெரிந்தது. மீதிப் படங்களில் குடும்பத்தார் வரிசையாக நின்று மலையை மறைத்திருந்தார்கள். "இது என்ன மலை சார்?" என்று கேட்டேன். அவர் மகனைப் பார்த்தார், மகன் மருமகளைப் பார்த்தான். அவருடைய வயதான தாயார் எந்தப் படத்திலும் இல்லை. "அம்மா பஸ்ஸிலேயே உட்கார்ந்துவிட்டாள், நடக்க முடியவில்லை" என்றார். அந்த ஒரு வாக்கியம் என் மனதை விட்டு அகலவில்லை.

என் வீட்டுக் கதை

சிவில் டிப்ளமோ முடித்து 1982-இல் ரயில்வேயில் சேர்ந்து, 2020-இல் ஓய்வு பெற்றவன் நான். முப்பத்தெட்டு ஆண்டுகளும் ஆண்டுதோறும் இலவச பாஸ் கையில் இருந்தது. இந்தியா முழுவதும் சுற்றியிருக்கலாம். ஆனால் எங்கள் பாஸ்கள் எல்லாம் திருநெல்வேலிக்கே போய்ச் சேர்ந்தன. "மலை பார்க்கணும்" என்று மனைவி கேட்டபோதெல்லாம் "ரிட்டையர் ஆகட்டும்" என்றேன். எங்களுக்குத் திருமணமான புதிதில் மாதுங்காவில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்த படம் இன்னும் சுவரில் தொங்குகிறது. பின்னால் திரைச்சீலையில் பெயின்ட்டால் வரைந்த பனிமலை. அவள் பார்த்த பனிமலை இன்றுவரை அது ஒன்றுதான்.

இப்போது மகன் கூப்பிடுகிறான். ஆனால் அவளுடைய முழங்கால் பழுதாகிவிட்டது. "மெதுவாக நடக்கலாம், படி அதிகம் கூடாது" என்கிறார் டாக்டர். மகன் கொண்டுவந்ததோ அதே ஏழு நாட்டுத் திட்டம். "அதே செலவில் அதிகம் பார்க்கலாம் அப்பா" என்றான். இரண்டு நாள் வீட்டில் வாக்குவாதம். கடைசியில் மனைவிதான் தீர்ப்புச் சொன்னாள்: "எனக்கு ஏழு நாடு வேண்டாம். ஒரு மலையை உட்கார்ந்து பார்க்கணும்."

ஏற்றத்தின் கணக்கு

ரயில்வேயில் 'ரூலிங் கிரேடியன்ட்' என்று ஒரு கணக்கு உண்டு. ஓர் எஞ்சின் எத்தனை பாரம் இழுக்கலாம் என்பதைச் சமவெளியை வைத்து முடிவு செய்வதில்லை. அந்தப் பாதையில் கடினமான ஏற்றம் எதுவோ அதை வைத்தே முடிவு செய்வார்கள். அதையும் மீறிய ஏற்றம் வந்தால் தள்ளிவிட இன்னோர் எஞ்சின் வேண்டும். நம் போர் காட் மலைப்பாதை 1863-இல் திறக்கப்பட்டது. அங்கே ஏற்றம் 37 அடிக்கு ஓர் அடி. அதனால்தான் கர்ஜத்தில் வண்டியை நிறுத்திப் பின்னால் 'பேங்கர்' எஞ்சின் பூட்டுகிறார்கள்.

குடும்பப் பயணத்துக்கும் இதே கணக்குத்தான். இருபத்தைந்து வயதுப் பிள்ளையின் கால் வேகத்தில் திட்டம் போட்டால் அறுபது வயதுத் தாய் பஸ்ஸில்தான் உட்கார்ந்திருப்பாள். மெதுவாக நடப்பவர் யாரோ, அவருடைய முழங்கால்தான் அந்தப் பயணத்தின் ரூலிங் கிரேடியன்ட். அவரை வைத்துத் திட்டம் போட்டால் மற்ற எல்லோருக்கும் அது தானாகப் பொருந்தும். வேண்டிய இடத்தில் பிள்ளைகள் பேங்கர் எஞ்சினாகத் தோள் கொடுக்கட்டும்.

நல்ல படம் எடுக்கவும் இதுவே வழி. மலைச் சிகரம் காலையில் தெளிவாக இருக்கும். வெயில் ஏற ஏற மேகம் கூடி மூடிவிடுவது வழக்கம். நல்ல வெளிச்சம் கிடைப்பது சூரியன் உதிக்கும்போதும் மறையும்போதும்தான். கூட்டத்தோடு போகிறவர்கள் தொலைவிலுள்ள நகரத்தில் தங்கி, காலை எட்டு மணிக்குக் கிளம்பி, உச்சி வேளையில் மலைக்கு வந்து சேர்கிறார்கள். அப்போது வெளிச்சமும் சரியில்லை, நேரமும் இல்லை. மலையடிவாரத்துக் கிராமத்திலேயே தங்குகிறவருக்கு ஜன்னலைத் திறந்தாலே படம்.

எங்கள் திட்டம்

ஒன்பது நாள், ஒரே நாடு, இரண்டே ஊர். முதல் ஊர் வெங்கன். அங்கே சாலை வழியாகப் போக முடியாது. ரயிலில்தான் போக வேண்டும். 1893 முதல் ஓடும் பல்சக்கர ரயில் அது. கீழே லவுட்டர்புரூனன் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திலிருந்து ஓர் அருவி விழுகிறது. குற்றாலத்துச் சாரலில் வளர்ந்த நம்மவர்களுக்கு அந்த ஊர் அந்நியமாகத் தோன்றாது. இரண்டாவது ஊர் ஸெர்மாட். அங்கும் பெட்ரோல் கார்களுக்கு அனுமதி இல்லை. 4,478 மீட்டர் உயரமுள்ள மேட்டர்ஹார்ன் சிகரம் ஊருக்குள்ளிருந்தே தெரியும். காலைச் சூரியனின் முதல் கதிர் அதன் கிழக்கு முகத்தில் பட்டுச் சிவக்கும் காட்சியைக் காண ஆற்றுப் பாலத்தில் போய் நின்றாலே போதும். நாங்கள் நாற்காலியோடு போவதாக இருக்கிறோம்.

ஸெர்மாட்டிலிருந்து கோர்னர்கிராட் வரை ஒரு ரயில் ஏறுகிறது. 1898-இல் திறந்தபோதே அது மின்சார ரயில்! ஐந்து அடிக்கு ஓர் அடி ஏற்றம். 3,089 மீட்டர் உயரத்துக்கு உட்கார்ந்தபடியே போய்விடலாம். இதைவிட உயரமான யுங்ஃப்ராவ்யோக் நிலையம் 3,454 மீட்டரில் இருக்கிறது. 1912-இல் ஐகர் மலையைக் குடைந்து கொண்டுபோன பாதை. ஆண்டு முழுவதும் பனி. ஆனால் அங்கே காற்றில் கிடைக்கும் பிராண வாயு கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறக்கூடாது. டிக்கெட்டும் இன்டர்லாக்கனிலிருந்து போய் வர 200 பிராங்குக்கு மேல். சிகரங்களில் வைத்துள்ள கேமராக்கள் அந்த நிமிடத்துக் காட்சியை இன்டர்நெட்டில் காட்டுகின்றன. காலையில் அதைப் பார்த்து, வானம் தெளிந்திருந்தால் மட்டும் டிக்கெட் வாங்கலாம். ஒரே ஊரில் நான்கு நாள் தங்கினால்தான் இப்படிக் காத்திருக்க முடியும்.

மாதம் செப்டம்பர் என்று வைத்திருக்கிறோம். பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்காக மே மாதம் போகிறவர்கள் உயரத்துப் பாதைகள் சிலவற்றில் பனி இன்னும் விலகியிருக்காது என்பதையும், சில கேபிள் கார்கள் பராமரிப்புக்காக மூடியிருக்கும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி நேரம் வரை காத்திருக்க வேண்டாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். சமையலறையோடு கூடிய வீடு வாடகைக்குக் கிடைக்கிறது. அரிசியும் காய்கறியும் அங்கேயே வாங்கலாம். புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் நம் பெட்டியில் இருக்கட்டும். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். நம் ரயில்வே பாஸ் மட்டும் அங்கே செல்லாது!

படம் எடுப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சமாக்கவே முயலும். அதனால் வெள்ளைப் பனி சாம்பல் நிறமாக விழும். செல்போனாக இருந்தாலும் வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டி வைத்து எடுக்கவேண்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்; மாற்று பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வையுங்கள். ரயில் கண்ணாடி வழியே எடுப்பதானால் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து, சுற்றிலும் கறுப்புத் துணியால் மறைத்தால் பிம்பம் விழாது. ஒரு சுருளுக்கு 36 படம் என்றிருந்த காலத்தில் நாங்கள் யோசித்து அழுத்தினோம். நாளைக்கு 36 படம் என்று நீங்களே ஒரு வரம்பு வைத்துப் பாருங்கள்.

சில ஆட்சேபணைகள்

"நம் நாட்டில் மலை இல்லையா?" என்று கேட்பார்கள். இருக்கிறது. முதலில் அங்கே போங்கள் என்றுதான் நானும் சொல்வேன். நம் நீலகிரி ரயிலுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நூறாண்டு தாண்டிய உறவு உண்டு. 1871-இல் ரிகி மலைக்குப் பல்சக்கர ரயில் அமைத்த ரிகன்பாக் 1882-இல் நீலகிரிக்கே வந்து ஆலோசனை சொன்னார். பின்னர் 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பாதை திறந்தபோது அதில் பதித்தது ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் எஞ்சினியரின் பல்தண்டவாளம். பெயர்பெற்ற அந்த நீராவி எஞ்சின்களும் வின்டர்தூர் நகரத்தில் செய்தவை. எங்கள் ஒத்திகை அங்கேதான். வரும் தை மாதம் ஊருக்குப் போகும் வழியில் மேட்டுப்பாளையத்தில் ஏறி, அவள் கால் எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கப்போகிறோம்.

"அவ்வளவு தூரம் போய் ஒரு நாடு மட்டுமா?" என்பது அடுத்த கேள்வி. ஓடும் வண்டியிலிருந்து பார்த்தால் தண்டவாளம் முழுவதும் ஒழுங்காகத்தான் தெரியும். தினமும் நடந்து பார்க்கும் கீமேனுக்குத்தான் எந்த இடத்தில் கீ கழன்றிருக்கிறது என்பது தெரியும். பார்ப்பது என்றால் அதுதான்.

"இந்தப் பணத்தை ஊரில் ஒரு நல்ல காரியத்துக்குக் கொடுக்கலாமே?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு நான் மரியாதையோடு சொல்வது இது. முப்பத்தெட்டு ஆண்டுகளாகக் கொடுத்தோம், இனியும் கொடுப்போம். அதற்காக வீட்டில் ஒருத்தியின் ஒரே ஓர் ஆசையைத் தள்ளிப்போட்டது தர்மமாகாது. ஆனால் கடன் வாங்கிப் போவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். தவணை கட்டி முடிப்பதற்குள் அந்தப் படங்களைப் பார்க்கவே கசந்துவிடும். பணம் போதாதா? மழைக்காலத்தில் நேரளில் இறங்கி மாத்தேரானுக்குப் போய் இரண்டு நாள் தங்கி வாருங்கள். அதுவும் மலைதான்.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். டிக்கெட் எடுப்பதற்கு முன் ஒரு மாலை அப்பா அம்மாவைச் செட்டா நகர் முருகன் கோயிலுக்கு அழைத்துப் போங்கள். படி ஏறும்போது அவர்கள் எந்தப் படியில் நின்று மூச்சு வாங்குகிறார்கள் என்று கவனியுங்கள். உங்கள் பயணத் திட்டத்தை அந்தப் படியிலிருந்து எழுதத் தொடங்குங்கள். முழங்காலும் மூச்சும் நமக்காகக் காத்திருக்கமாட்டா. 'ரிட்டையர் ஆகட்டும்' என்று நான் செய்த தவற்றை நீங்களும் செய்யவேண்டாம்.