சிபாரிசும் தோழமையும்

சீறாப்புராணம் ஒரு புலவரின் தனிமுயற்சியால் மட்டும் விளைந்ததன்று. உமறுப்புலவர் தமிழில் வல்லவர்; எனினும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றை அரபு மூலங்களின்வழி அறிந்து பாட அவருக்கு ஆலிம்களின் துணை வேண்டியிருந்தது. சதக்கத்துல்லா அப்பா போன்ற பேரறிஞரின் தொடர்பும், சீதக்காதி, அபுல் காசிம் மரைக்காயர் ஆகிய வள்ளல்களின் ஆதரவும் அவருக்கு வாய்த்தன என்பது இலக்கிய வரலாறு கூறும் செய்தி. கற்றவர் கற்றவரைத் தேடிச் சென்று கேட்டதனால் நமக்குக் கிடைத்த காப்பியம் அது. அந்த வழக்கத்தை நம் மாணவர்கள் தொழில் வாழ்விலும் கைக்கொள்ள வேண்டும் என்பதே நம் கருத்து.

தமிழிலக்கியம் பயின்று பட்டம் பெற்றோர் சிலர் பின்னர் மூன்றாண்டுச் சட்டப்படிப்பில் சேர்கின்றனர். நாகூரில் பிறந்து, 1979 முதல் 1981 வரை சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக விளங்கிய மு.மு. இஸ்மாயில் அவர்கள், தமிழும் சட்டமும் ஒருவரிடத்தே இணைந்து சிறக்கும் என்பதற்குச் சான்றாவார். ஆயினும் சட்டம் பயின்றோர்க்கு நீதிமன்றம் ஒன்றே வாயில் என்று நம் இல்லங்களில் இன்னும் எண்ணுகின்றனர். ‘லீகல் ஆபரேஷன்ஸ்’ எனப்படும் மற்றொரு வாயிலும் இன்று திறந்திருக்கிறது. அதனைச் சட்டச் செயலாண்மை என்று நாம் சொல்லலாம்.

பெருநிறுவனம் ஒன்றன் சட்டப்பிரிவில் ஆயிரக்கணக்கான ஒப்பந்தங்கள் இருக்கும். எது என்று முடிகிறது, யார் புதுப்பிப்பது, வெளி வழக்கறிஞர்க்கு எவ்வளவு கட்டணம், ஆண்டுச் செலவுத்திட்டம் யாது, எந்தக் கணினி மென்பொருள் பொருந்தும் என்பனவற்றையெல்லாம் ஒழுங்குசெய்வதே இப்பணி. வழக்கறிஞர் அறிவுரை கூறுவார். அவ்வறிவுரை காலத்தே பயன்படுமாறு செய்பவர் செயலாண்மையர். இத்துறையில் வழக்கறிஞர் அல்லாதாரும் பலர் உளர்.

இத்துறை வளர்ந்த விதம் நாம் கருதத்தக்கது. அமெரிக்காவில் இப்பணியை முதலில் ஏற்றவர்களுக்குப் பாடநூல் இல்லை. வழிகாட்ட மூத்தோரும் மிகுதியாக இல்லை. நெட்ஆப் நிறுவனத்தில் பணியாற்றிய கானி பிரெண்டன் முதலிய சிலர் முறைசாராச் சிறு குழுவாகக் கூடித் தத்தம் இடர்ப்பாடுகளையும் கண்ட தீர்வுகளையும் பகிர்ந்துகொண்டனர். அக்குழுவே 2016ஆம் ஆண்டில் ‘கார்ப்பரேட் லீகல் ஆபரேஷன்ஸ் கன்சார்ட்டியம்’ என்னும் அமைப்பாயிற்று. இத்துறைக்குரிய திறன்களைப் பன்னிரண்டாக வகுத்து அவ்வமைப்பு வெளியிட்டது. வணிகத்தில் போட்டியிடும் நிறுவனங்களின் பணியாளர்கள், பணிமுறையைப் பொறுத்தவரை ஒருவர்க்கொருவர் ஆசிரியராயினர். ஒரு துறையே தோழமையால் உருப்பெற்றது என்றால் அது மிகையன்று.

நம்மிடையே நிலைமை என்ன? நமக்குத் தொடர்புகள் இல்லாமல் இல்லை. ஜமாஅத் உண்டு, உறவின்முறை உண்டு, வளைகுடா நாடுகளில் வணிகமும் வேலையும் செய்யும் ஊரார் உண்டு. ஆயின் அத்தொடர்புகளைப் பெரும்பாலும் சிபாரிசுக்கே பயன்படுத்துகிறோம். சிபாரிசு ஒருவரை வாயில் வரை கொண்டுசெல்லும். உள்ளே அமர்ந்து பணிசெய்யக் கற்றுத்தராது.

நம்மிடம் பயின்று சட்டமும் முடித்த மாணவர் ஒருவர் கடிதம் ஒன்று கேட்டு வந்தார். மனமுவந்து எழுதிக் கொடுத்தோம். அதனால் அவருக்கு ஒரு நேர்காணல் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. பின்னர் அவருக்கு மூன்றாண்டு மூத்த மாணவர் ஒருவர், ஞாயிறுதோறும் இரண்டு மணிநேரம் ஒதுக்கி, ஒப்பந்தத்தை எவ்வாறு படிப்பது, அதன் கெடுநாள்களை எவ்வாறு பட்டியலிடுவது என்று சொல்லிக்கொடுத்தார். அடுத்த நேர்காணலில் அம்மாணவர் தேறினார். நம் கடிதம் செய்யாததை அந்த ஞாயிற்றுக்கிழமைகள் செய்தன. ஆசிரியராகிய நமக்கு இதில் நாணமும் உண்டு, மகிழ்ச்சியும் உண்டு.

தோழமைக்கு ஒரு வரம்பும் உண்டு. பணிமுறையைப் பகிரலாம், நிறுவனத்தின் இரகசியத்தைப் பகிரலாகாது. அது அமானிதம். அமானிதம் பேணாதவரை எந்தத் தொழிற்குழுவும் நெடுநாள் தன் நடுவே வைத்துக்கொள்ளாது. கேட்பவரும் கொடுப்பவராக வேண்டும். வேலை வேண்டும் நாளில் மட்டும் மூத்தோரை நாடி, கிடைத்தபின் மறப்பவர் தமக்குப் பின் வருவோர்க்கும் கதவை அடைத்துவிடுகிறார்.

எனவே, சட்டம் பயிலும் மாணவர்களும் பணியிலிருக்கும் முன்னாள் மாணவர்களும் திங்கள்தோறும் ஒருமுறை கூடும் வட்டம் ஒன்று நம் கல்லூரியில் அமைய வேண்டும். பயிற்சிக்குத் தொலைவில் செல்ல வேண்டுவதில்லை. பள்ளிவாசல் கடைகளின் வாடகை ஒப்பந்தங்கள், வக்பு ஆவணங்கள் ஆகியவை எத்தனை ஊர்களில் முறையான பட்டியலின்றிப் பெட்டிகளில் உறங்குகின்றன! நிருவாகிகளின் இசைவோடு அவற்றை வகைப்படுத்தி, முடிவுநாள் குறித்துப் பதிவேடு எழுதினால், அதுவே சட்டச் செயலாண்மையின் அரிச்சுவடி. சமுதாயச் சொத்தும் காக்கப்படும். மாணவர்க்குத் தொழிலும் கைவரும். ஒப்பந்தத்தின் முதற்படிப்பைச் செயற்கை நுண்ணறிவுப் பொறிகளே செய்யத் தொடங்கிவிட்ட இக்காலத்தில், பொறி தவறியதைக் கண்டுகொள்ளும் பழகிய கண் இத்தகைய பயிற்சியாலேயே வாய்க்கும்.

பெரியோர்களுக்கு ஒரு வார்த்தை பணிவோடு சொல்வோம். ஆண்பிள்ளைகளுக்குத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் முற்றம் இருக்கிறது, தேநீர்க்கடை இருக்கிறது. அங்கே பேச்சோடு பேச்சாக வேலைச் செய்தி வந்துசேர்கிறது. பெண்பிள்ளைகளுக்கு அத்தகைய இடம் எது? உயர்ந்த மதிப்பெண் பெற்றும் செய்தி எட்டாமையால் வீட்டோடு நின்றவர்களை நாம் அறிவோம். இவ்வட்டத்தில் அவர்களுக்கு இடமளிப்பது போதாது; அதனை நடத்தும் பொறுப்பிலும் அவர்கள் இருத்தல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! கேட்பதற்கு நாணாதீர்கள், கற்றதைக் கொடுப்பதற்குத் தயங்காதீர்கள். இம்மலரை மூடியதும் உங்களுக்கு மூத்தவர் ஒருவருக்கு ஒரு கேள்வியையும், இளையவர் ஒருவருக்கு ஒரு மணிநேரத்தையும் குறித்துவையுங்கள். எல்லாம் வல்ல இறைவன் அம்முயற்சிக்குத் துணைநிற்பானாக!