வயல்வீட்டில் ஒரு வாளி வெந்நீர்

மார்கழி, தை மாதங்களில் புனே நகரத்துக் குடும்பங்கள் பல, வார இறுதியில் சிற்றூர்களை நாடிச் செல்கின்றன. பால்பிடித்த பச்சைச் சோளக்கதிரை வறட்டித் தணலில் சுட்டு, மணிகளைச் சூட்டோடு உதிர்த்துத் தருவார்கள். மராத்தியர் இதனை ‘ஹுர்டா’ என்பர். அதனை உண்டு, மாட்டுவண்டியில் ஊர்ந்து, உழவர் தோட்டத்திலேயே இரவு தங்கித் திரும்புவதற்கு வேளாண் சுற்றுலா என்று பெயர். மகாராட்டிர அரசு 2020ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. மழை பொய்த்தாலும் வெங்காய விலை வீழ்ந்தாலும் உழவர்க்குக் கைகொடுக்கும் வருவாய் இது. அவ்வருவாய் மின்கட்டணமாகக் கரைந்துபோகலாகாது என்பதே என் கருத்து.

இத்தகைய இடங்களில் ஒரு வேடிக்கையைக் காணலாம். உழவரின் பழைய வீட்டுக்குக் கல்லும் மண்ணும் கொண்டு எழுப்பிய தடித்த சுவர்கள், நடுவில் முற்றம், முன்புறம் நம் திண்ணையை ஒத்த ‘ஓசரி’. சித்திரை வெயிலிலும் அவ்வீடு குளிர்ந்திருக்கும். விருந்தினர்க்கோ, தோட்டத்தின் ஓரத்தில் தகரக் கூரையும் மெல்லிய சுவரும் கொண்ட புதிய குடில்! நண்பகலில் அது அடுப்பாகிவிடுகிறது. பிறகு அதைக் குளிர்விக்க ஒன்றரை டன் குளிர்சாதனம் வேண்டியிருக்கிறது. முதலில் வெப்பத்தை உள்ளே விட்டுவிட்டுப் பின்னர் காசு கொடுத்து வெளியேற்றுவது என்ன கணக்கு?

கூரையின்மேல் வெண்சுண்ணாம்பு பூசினாலே வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். அகமதாபாத் நகரில் எளியோர் வீட்டுக் கூரைகளுக்கு 2017ஆம் ஆண்டு முதல் இவ்வாறு வெள்ளை பூசி வருகின்றனர். தகரத்தின் அடியில் மூங்கில் தட்டி ஒன்றைப் பரப்பலாம். மேற்குச் சுவரை ஒட்டி வேம்போ புங்கனோ நடலாம். இவற்றையெல்லாம் செய்தபின்னும் குளிர்சாதனம் வேண்டுமென்றால், 24 பாகையில் வைத்தால் போதும். புதிய கருவிகள் தொடங்கும்போதே அந்த அளவில் தொடங்க வேண்டுமென்று 2020 சனவரி முதல் விதியும் இருக்கிறது.

ஆயினும், பண்ணைத் தங்குமிடங்களில் மின்சாரத்தை மிகுதியாக விழுங்குவது எது என்று கேட்டால், விளக்கையும் விசிறியையும் நான் சொல்லமாட்டேன், வெந்நீரைத்தான் சொல்வேன். 20 லிட்டர் நீரை 20 பாகையிலிருந்து 40 பாகைக்குச் சூடேற்ற ஏறத்தாழ அரை யூனிட் மின்சாரம் செலவாகும். 75 வாட் மின்விசிறியை ஆறு மணி நேரம் சுழற்ற அது போதும். இது ஒரு வாளிக் கணக்கு. ஷவரின் அடியில் பத்து நிமிடம் நின்றால் நான்கு வாளி நீர் ஓடிவிடும். ஹுர்டா காலத்துக் குளிர்ந்த காலைகளில் விருந்தினர் அனைவரும் ஒரே வேளையில் குளிக்க விரும்புவர் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

தக்காணத்தில் அக்காலத்து வானம் பெரும்பாலும் தெளிவாயிருக்கும். ஆகவே கூரைமேல் வைக்கும் சூரிய வெந்நீர்க் கலன் இவ்விடத்துக்கு மிகவும் ஏற்றது. பகலில் காய்ந்த நீர், உறையிட்ட தொட்டியில் மறுநாள் காலைவரை சூடாறாமல் இருக்கும். தொட்டியைக் குளியலறைக்கு அருகிலேயே அமைக்க வேண்டும். குழாய் நீண்டால், வெந்நீர் வருமுன் வாளி வாளியாகத் தண்ணீர் வீணாகும். மழைக்காலத்துக்குப் பழைய செப்புக் கலன் இருக்கவே இருக்கிறது. நடுக்குழாயில் நெருப்பு, அதனைச் சுற்றிலும் நீர். ஆதலால் வெப்பம் எளிதில் வீணாவதில்லை. மராட்டிய வீடுகளில் அதற்கு ‘பம்ப்’ என்று பெயர். உங்கள் தாத்தா பாட்டியைக் கேளுங்கள். தமிழகத்து வீடுகளில் ‘பாய்லர்’ என்று அவர்கள் அழைத்தது இதனையே. சுள்ளியும் தேங்காய் மட்டையும் போதும். புகை வெளியேற வழி வைத்து, திறந்த வெளியில் மூட்டுவது நன்று.

‘காசு கொடுத்து வருபவர் வசதியைக் கேட்பது தவறா? இது விருந்தோம்பலுக்கு இழுக்கன்றோ?’ எனச் சிலர் கேட்கக்கூடும். வெந்நீர் இல்லை என்று கைவிரித்தால் இழுக்குத்தான். அந்நீர் வெயிலில் காய்ந்ததா, மின்சாரத்தில் காய்ந்ததா என்பது குளிப்பவர் உடம்புக்குத் தெரியாது. கலனையும் சுண்ணாம்பையும் வாங்க உழவரிடம் முதலில் பணம் வேண்டும் என்பது மட்டும் உண்மையான தடை. வங்கிகள் குடில் கட்டக் கடன் கொடுக்கும்போதே இவற்றுக்கும் சேர்த்துக் கொடுப்பது முறை என எண்ணுகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இம்மாநிலத்தில் பம்புசெட்டுக்கான மின்சாரம் முறைவைத்தே வழங்கப்படுகிறது. சில வாரங்களில் இரவில்தான் வரும். ஜுன்னர் வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களில் சிறுத்தைகள் பதுங்கியிருக்கும். அங்கே நள்ளிரவில் கைவிளக்கை ஏந்தி நீர்பாய்ச்சப் போகிறவர், பகலில் உங்களுக்கு ஹுர்டா சுட்டுக் கொடுத்த அதே உழவராக இருக்கலாம். நீங்கள் அறையின் குளிர்சாதனத்தை அணைத்தால் அவர்க்கு உடனே பகல் மின்சாரம் கிடைத்துவிடாது. அதனை நான் அறிவேன். என்றாலும், வயலுக்கு நீர் பாய்ச்ச அவர் விழித்திருக்கும் நேரத்தில், ஆளில்லாத அறையில் அது ஓடிக்கொண்டிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.